பூசைக்குப் பின் போன் பார்ப்பவர்

யார் போனைக் கொடுத்தாலும் அவர் முதலில் துடைப்பார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுப்பார். எங்கள் கடற்கரையில் கைக்குட்டைக்கு இன்னமும் அதுதான் பெயர். நான்காக மடித்து இஸ்திரி போட்ட வெள்ளை லேஞ்சி. முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள் என்று அவசரமில்லாமல் துடைப்பார். பிறகு காலரின் உள்பக்கம் குத்தி வைத்திருக்கும் ஊக்கைக் கழற்றி, சார்ஜர் செருகும் துளைக்குள் விட்டு மெல்லச் சுழற்றுவார். மீன் செதிலோ உப்புப் பொடியோ கருவாட்டுத் தூளோ வந்து விழும். அதை மேசையில் தட்டி, போனுக்குச் சொந்தக்காரரிடம் காட்டுவார். எதிரில் இருப்பவருக்கு எண்பது வயதானாலும் அந்த இடத்தில் தலை குனிந்துவிடும். அதன் பிறகுதான் வாயைத் திறப்பார்.

"சரி. உள்ள என்ன அழுக்கு வச்சிருக்க?"

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊர் பெயரும் வேண்டாம். வேம்பாரிலிருந்து தெற்கே வரும் பஸ் நிற்கிற ஒரு கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோவிலின் பங்கு மன்றத்தில் அவருக்கு ஒரு மேசை போடுவார்கள். எதிரே சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊரின் வயதானவர்கள் ஆளுக்கொரு போனோடு அங்கே காத்திருப்பார்கள். பிள்ளைகள் கப்பலிலும் வளைகுடாவிலும் திருப்பூரிலும் இருந்தார்கள். லீவுக்கு வந்தபோது போனை வாங்கிக் கொடுத்து, பஸ் ஏறுகிற அவசரத்தில் நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். மகன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்க வேண்டும். எங்களைப் போன்ற பையன்களிடம் கேட்டால் இரண்டாவது கேள்விக்கே எரிந்து விழுவோம். அவர் எரிந்து விழமாட்டார். ஒரே சங்கதியை எத்தனை முறை கேட்டாலும் முதலில் சொன்ன அதே குரலில் சொல்வார்.

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அம்மாவை உட்காரவைத்து, பச்சையைத் தொட்டால் பேச்சு, சிவப்பைத் தொட்டால் முடிவு என்று பழக்கியவர் அவர். அம்மாவின் போனில் பெயர்களுக்குப் பதிலாகப் படங்களை வைத்துக் கொடுத்தார். மீன் எடுக்கிற வியாபாரிக்கு ஒரு நெத்திலி, பங்குசாமிக்கு ஒரு குருசு, எனக்கு ஒரு புத்தகம். நான் கல்லூரியிலிருந்து அழைத்தால் புத்தகம் வந்து மணி அடிக்கும். அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அம்மா காது கொடுத்துக் கேட்கமாட்டாள்.

"நீ எனக்குச் சொல்லித் தந்தியாலே? அவிய சொல்லித் தந்தாவ."



அவர் கப்பலில் ஆயில்மேனாக இருந்தவர். எஞ்சினைச் சுற்றிச் சிந்துகிற எண்ணெயைத் துடைப்பது அந்த வேலையில் பாதி. ஒருநாள் எங்கள் வீட்டு சுவிட்ச் போர்டைக் கேட்காமலே துடைத்துக்கொண்டு அதைப் பற்றிச் சொன்னார்.

"எண்ண சொட்டுனா வழுக்கும். வழுக்குனா ஆளு போயிருவான். அதனால சொட்டு விழுந்த ஒடனே தொடைக்கணும். ஒருத்தன் தொடைக்காம விட்டான்."

"என்ன ஆச்சு தாத்தா?"

"அவனையும் தொடைச்சுத்தான் எடுத்தோம்."

சொல்லிவிட்டு லேஞ்சியின் அழுக்குப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்துக்கொண்டார்.

அவர் மனைவி இறந்தபோது மும்பையிலிருந்து மகள் வந்திருந்தாள். அந்த அம்மாள் மகளுக்குத் தினமும் பேசி அனுப்புகிற வழக்கம் உண்டு. என்ன குழம்பு, யார் வீட்டில் சண்டை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று. மகளின் போன் கெட்டுப்போய் அவளிடம் இருந்தது எல்லாம் போய்விட்டது. அம்மாள் பேசி அனுப்புவது கணவருடைய போனிலிருந்துதான். அதனால் அடக்கம் முடிந்த மறுநாள் மகள் அவரிடம் போய் நின்றாள்.

"அப்பா, அம்மா பேசுனதெல்லாம் ஒங்க போன்ல இருக்கும்லா. எனக்கு அனுப்பிவிடுங்க."

"இல்ல. தொடைச்சாச்சு."

"எப்பம்பா?"

"நேத்து. கல்லறைல இருந்து வந்து குளிச்சிட்டு." அவள் அழத் தொடங்கியதும், "ஆள மண்ணுக்குள்ள விட்டாச்சு. கொரல மட்டும் வெளிய விட்டு வச்சு என்ன செய்ய?" என்றாராம். இதை அந்த மகளே என் அம்மாவிடம் வந்து சொன்னாள். அம்மா அதற்கும், அவர் மனசு என்ன பாடு பட்டதோ என்றாள். எனக்குத் தெரிந்து அவர் எந்தப் பாடும் படவில்லை. அன்று மாலை மனைவியின் சேலைகளை மூட்டையாகக் கட்டிக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்தனுப்பினார். கொடி காலியானதும் அந்தக் கயிற்றையும் ஈரத்துணியால் துடைத்தார்.

மேசைக்கு முன்னால் நடந்தவற்றில் பல சிரிப்பாகவும் இருக்கும். பல்தசார் மாமா என்று ஒருவர். தோணியில் போய் வந்தவர், கைவிரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் கனம். அவர் படம் எடுத்தால் பாதிப் படத்தில் அவர் விரல்தான் இருக்கும்.

"இது என்னவே?"

"அது எம் பேத்தி. கோவில்ல புதுநன்ம எடுத்த அன்னைக்கு, வெள்ள கவுனு போட்டு."

"பேத்தி எங்க இருக்கா? வெரலுதான இருக்கு."

"வெரலுக்குப் பின்னாடி இருக்கா."

"பின்னாடி இருக்கவள யாரு பாக்கா?"

"நான் பாக்கேம்லா, அண்ணாச்சி. எனக்குத் தெரியும் அவ அங்கன நிக்கான்னு."

வரிசை முழுக்கச் சிரித்தது. பல்தசார் மாமாவும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் படம் போயிருந்தது. அடுத்த படமும் போனது, அதற்கடுத்ததும். மாமாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. எடுத்துவைக்க இடம் தெரியாத சாமான் மாதிரி.

"போன் இப்பம் வேகமா ஓடும்," என்று திருப்பிக் கொடுத்தார் அவர்.

மூத்தோருக்கென்று பங்கில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதற்கும் அவர்தான் அட்மின். பூசை நேரம், அன்றைய வாசகம், துக்கச் செய்தி. இவற்றைத் தவிர வேறெதுவும் அதில் வரக்கூடாது. ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டால் நீக்குவார். கோவிலுக்கு வராமல் நாலு வாரம் இருந்தால் நீக்குவார். மகள் ஓடிப்போய்விட்ட தகப்பனை நீக்குவார். இன்னார் நீக்கப்பட்டார் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். கோவிலில் துக்க மணி அடித்தால் யாருக்கு என்று போனை எடுத்துப் பார்ப்பது ஊரில் வழக்கமாகிவிட்டிருந்தது. நீக்கப்பட்டவர்கள் தெருவில் இறங்கி, போகிறவர் வருகிறவரிடம், "யாருக்கு மணி, யாருக்கு மணி?" என்று கேட்க வேண்டும். கேட்கிறவரைப் பார்த்தே அவர் குழுவில் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். புதிதாக வந்திருந்த பங்குசாமி சின்ன வயசுக்காரர். "தாத்தா இருக்கதால எனக்கு வேல கொறவு," என்று சிரிப்பார்.

சலேத் மாமியின் கதைக்கு வருகிறேன்.

மாமி எங்களுக்குப் பக்கத்து வீடு. கருவாடு காயவைத்து விற்பாள். புருஷன் இல்லை. ஒரே மகன் சேவியர், கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டினான். அவள் போகிற சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டான். தலைமுறை தலைமுறையாகக் குழந்தையிலேயே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிற ஊர் இது. வளர்ந்தவன் ஒருவன் போய் இரண்டாவது முறை தண்ணீரில் முங்குவது இங்கே சாதாரணச் சங்கதி அல்ல. மாமி ஒரு வாரம் அழுதாள். பிறகு, "எங்கன இருந்தாலும் அவன் எம் மவன்தான," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞாயிறு மத்தியானம் அவன் கூப்பிடுவான். அவள் பேசுவாள். சுவர் வழியே எங்களுக்கும் கேட்கும்.

ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சு நின்றுபோனது.

மாமி ஞாயிறுதோறும் வாசல்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெயில் படிக்கு வந்தால் மட்டும் தள்ளி உட்காருவாள். கருவாட்டை நாய் இழுத்தாலும் எழுந்திருக்கமாட்டாள், எழுந்தால் அழைப்பு வந்துவிடும் என்று. கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் மறுத்துவிடுவாள். "அவனுக்குக் கோவமோ என்னமோ. அவனா பேசட்டும். நான் கூப்புட்டு அவன் எடுக்கலன்னா நான் என்ன செய்வேன்?"

அவரிடமும் போய்க் கேட்பாள். ஒரு ஞாயிறு நானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணாச்சி, போன் நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கு."

"டவரு?"

"அதும் நல்லா இருக்கு."

"அப்பம் ஏன் வரமாட்டேங்கு?"

அவர் துளைக்குள் ஊக்கைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். "பேசணும்னு நெனச்சா பேசுவான், சலேத்து."

மாமி தலையாட்டிக்கொண்டு போனை வாங்கிப் போனாள். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

நான் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது சேவியர் அண்ணன் யாரிடமோ என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டான். "தம்பி, அம்மா நல்லாருக்காவளா?" என்றான்.

"நல்லாருக்காவ. நீங்க ஏன் பேசவே மாட்டேங்குதிய?"

"நானா பேசல? எத்தன தடவ பேசி அனுப்பிட்டேன். ஒத்த டிக்குதான் விழுது. போட்டா மணியும் போவல. அம்மா என்ன பிளாக் பண்ணிட்டாவ. சாமியார் சொல்லிருப்பாரு."

பிளாக் என்றால் என்ன என்றே மாமிக்குத் தெரியாது. அன்று மாலை ஊருக்கு வந்ததும் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். தடுக்கப்பட்ட எண்களில் ஒரே ஒரு எண் இருந்தது. மாமி அடுப்படியில் இருந்தாள். நான் எதையும் தொடாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியில் ஏறி நின்று மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, சலேத் மாமி போன்ல சேவியர் அண்ணன் நம்பர யாரு பிளாக் பண்ணுனா?"

"நாந்தான்." அவர் இறங்கவில்லை.

"மாமிகிட்ட கேட்டியளா?"

"காதுல அழுக்கு இருந்தா காதுகிட்ட கேட்டுக்கிட்டா எடுக்கோம்?"

"அவிய வாரா வாரம் ஒங்ககிட்டயே வந்து ஏன் போன் வரலன்னு கேட்டாவ. நீங்க டவர் நல்லாருக்குன்னு சொன்னிய."

"டவர் நல்லாத்தான இருந்துச்சு. நான் பொய் சொல்லலியே."

அவர் துணியைத் திருப்பிப் பிடித்து அடுத்த இறக்கைக்குப் போனார்.

"அவன் ரெண்டாம் ஞானஸ்நானம் எடுத்தாம்லா. அப்பம் மொத எடுத்தது அழுக்குன்னுதான அர்த்தம்? ஒங்கம்ம அழுக்கு, ஒங்கப்பன் அழுக்கு, இந்தக் கோவிலு அழுக்குன்னு சொல்லிட்டுப் போனவன் அவன். அவன் சத்தம் இந்த ஊருக்குள்ள எதுக்குக் கேக்கணும்?"

"அவிய அம்மா தாத்தா. காத்துக்கிட்டு இருக்காவ."

"காத்துக்கிட்டுத்தான இருக்கா? இருக்கட்டும். காத்திருக்கவ தின்னுவா, ஒறங்குவா, பூசைக்கு வருவா. நீ அவனப் பேச வச்சியன்னா, எதுக்காகக் காத்திருந்தோம்னு அவளுக்குத் தெரிஞ்சுபோவும்." இறங்கி வந்து நாற்காலியில் தன் கால் பட்ட இடத்தைத் துடைத்தார். "போ. போயி எடுத்துவிடு. நீ படிச்சவம்லா."

அவர் சொன்னதைக் கேட்டுப் பயந்து நிற்கிற வயதல்ல அது. மாமியை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். யார் செய்தது என்றும் சொன்னேன்.

"அண்ணாச்சியா?" என்றாள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அவிய வெவரம் இல்லாம செய்யமாட்டாவளே," என்றாள். பிறகு, "அவன் பேசி அனுப்புனதெல்லாம் எங்கன இருக்கு தம்பி?" என்று கேட்டாள்.

தடுத்திருந்த காலத்தில் அனுப்பியது தடையை எடுத்தாலும் வந்து சேராது. இதை அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. "வராது மாமி," என்று மட்டும் சொன்னேன். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிச் சொல்லும்போது கேட்டுக்கொள்வதைப் போல அதைக் கேட்டுக்கொண்டாள்.

தடையை எடுத்து சேவியரைக் கூப்பிட்டேன். அவன் "அம்மா" என்றதும் மாமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டியா ராசா?" என்றாள். வேறொன்றும் பேசத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். ஒன்றரை வயதில் ஒரு பேத்தி இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. படம் வந்தது. மாமி அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். என் அம்மா கூட, "நல்ல காரியம் செஞ்சலே," என்றாள்.

மூன்று வாரமோ நாலு வாரமோ அப்படிப் போயிற்று. மாமி மகனை ஊருக்குக் கூப்பிட்டாள். புள்ளையைக் கொண்டு வந்து கண்ணில் காட்டச் சொன்னாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

சேவியர் வருகிறேன் என்றான். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யவேண்டும் என்றான்.

மாமி வீட்டுச் சுவர் மாடத்தில் ஒரு மாதா சுரூபம் உண்டு. முழங்கை உயரம், நீலச் சாயம், மூக்கு கொஞ்சம் உடைந்தது. புருஷன் கடலிலிருந்து திரும்பாத நாட்களில் அவள் அதன் முன்னால்தான் கிடந்தாள். அந்த மனுஷன் திரும்பவேயில்லை. ஆனாலும் அவள் அதை விடவில்லை. விக்கிரகம் இருக்கிற வீட்டுக்குள் என் பிள்ளையைக் கூட்டி வரமாட்டேன் என்றான் சேவியர். சுரூபத்தை எடுத்துவிட்டு, வெறும் மாடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான்.

"இத எடுத்துட்டா நான் யாரப் பாத்து எந்திரிக்க?" என்று மாமி என்னிடம் கேட்டாள். பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். சுரூபத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் குரல் வந்தது.

"துண்டு போட்டு மூடிருக்கியளாம்மா? தல உருவம் தெரியுதுல்லா. நீங்க என்ன ஏமாத்தலாம். கர்த்தர ஏமாத்த முடியாது."

அதிலிருந்து தினமும் குரல் வந்தது. காலையில் ஒரு வசனம், மாலையில் நரகத்தைப் பற்றி ஒரு விளக்கம். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. அன்பாகத்தான் பேசினான். ஒவ்வொரு முறையும் கடைசியில் சிலையைப் பற்றிக் கேட்டான். மாமி வாசல்படியில் உட்காருவதை விட்டுவிட்டாள். சாப்பாடு குறைந்தது. நானும் அவனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன். எனக்கும் ஒரு வசனம் சொன்னான்.

அதன் பிறகு ஒரு நாள் குழந்தையின் குரல் வந்தது. பின்னாலிருந்து சேவியரின் மனைவி சொல்லிக் கொடுக்கிறாள். குழந்தை மழலையில் திருப்பிச் சொல்கிறது. "ஆச்சி." ஒரு சிரிப்பு. "சிலைய. தூக்கி. போடுங்க."

மாமி அந்த முதல் சொல்லை மட்டும் கேட்பாள். அடுத்த சொல் வருவதற்குள் நிறுத்த முயல்வாள். விரல் பழக்கமில்லாததால் பாதி நேரம் நிறுத்தத் தெரியாமல் முழுவதும் ஓடிவிடும். மறுபடி முதலிலிருந்து போடுவாள். ஒருநாள் என்னிடம் கொண்டு வந்தாள்.

"தம்பி, தலையும் வாலும் நறுக்குத மாதிரி இத நறுக்க முடியுமா? அந்த ஒரு சொல்ல மட்டும் வச்சுக்கிடுதேன்."

அவள் போனிலேயே நறுக்கிக் கொடுத்தேன். "ஆச்சி" என்ற ஒரு சொல்லும் அந்தச் சிரிப்பும். மாமி அதைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கினாள் என்று என் அம்மா சொன்னாள்.

ஆனால் மற்ற குரல்கள் நிற்கவில்லை. கேட்காமல் விட்டுவிடுங்கள் என்றேன். "மணி அடிச்சா கை தானாப் போவுது. அவன் சத்தம் வரும்போது நான் எப்படிக் கேக்காம இருக்க?" என்றாள். பிறகு, அண்ணாச்சி செய்த மாதிரி என்னால் செய்ய முடியுமா என்று கேட்டாள். "மாமி, ஒங்க மவன்லா. பொறுங்க, மனசு மாறும்," என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

இதற்கிடையில் அவர் மேசையில் மாமியின் போனைத் தொடுவதில்லை. அவள் முறை வந்தால், "அது படிச்சவன் பாத்த போனு," என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். மாமி எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய் உட்காருவாள். கடைசியிலும் அவர் எழுந்து போய்விடுவார். பல வாரம் இது நடந்தது.

ஒரு ஞாயிறு என்னையும் கூட வரச் சொன்னாள். அன்று அவர் அவளைத் தள்ளவில்லை. போனை வாங்கினார். துடைத்தார். துளையில் ஊக்கை விட்டுச் சுழற்றினார். எதுவும் விழவில்லை.

"என்ன செய்யணும்?"

"அன்னைக்குச் செஞ்ச மாதிரி, அண்ணாச்சி."

"அன்னைக்கு என்ன செஞ்சேன்?"

மாமி என்னைப் பார்த்தாள். "அவன் சத்தம் வராம."

"யாரு சத்தம்?"

"எம் மவன்."

"ஒன் மவன என்ன செய்ய?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துருங்க," என்றாள் மாமி.

"முழுசாச் சொல்லு, சலேத்து. நாளைக்கு இந்தப் படிச்ச தம்பி வந்து எங்கிட்ட கேப்பான், கேட்டுக்கிட்டா செஞ்சியன்னு. எல்லாருக்கும் கேக்க மாதிரி சொல்லு."

"தாத்தா," என்றேன்.

"நீ சும்மா இரி. ஒங்கிட்டதான மொதல்ல கேட்டா? நீ செஞ்சியா?"

மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து எடுத்தாள். "எம் மவன எடுத்துருங்க, அண்ணாச்சி."

"கேக்கல."

"எம் மவன எடுத்துருங்க."

அவர் தலையாட்டினார். விரல் நாலைந்து இடத்தில் பட்டது. சேவியர் போனான். அவன் அனுப்பிய குரல்களும் படங்களும் போயின. அவர் அதோடு போனைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உள்ளே இன்னும் எதையோ தேடினார்.

"இது என்ன? துண்டா ஒண்ணு கெடக்கு."

தொட்டார். மன்றம் முழுக்கக் கேட்டது. "ஆச்சி." அப்புறம் அந்தச் சிரிப்பு.

மாமியின் கை மேசை மேல் வந்தது. "அது இருக்கட்டும், அண்ணாச்சி."

"மவன எடுக்கச் சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"இது யாரு அனுப்புனது?"

மாமியின் கை மேசையிலேயே இருந்தது. அவர் காத்திருந்தார். அந்தப் பொறுமை அவரிடம் எப்போதும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கை பின்னால் போய் மடிக்குள் விழுந்த பிறகுதான் அவர் விரலை அழுத்தினார்.

லேஞ்சியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி, திரையை ஒரு முறை துடைத்து, போனை அவள் பக்கம் தள்ளினார்.

"அடுத்து யாரு?"

மாமி எழுந்தாள். வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நாற்காலி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.